லிங்கனோட அப்பா செருப்புத் தைத்தவரா? தாமஸ் லிங்கன் பற்றி ஒரு சந்தேகம்

மானாவாரி

பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு என் மகளுக்கு ஒரு தாளைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்காங்க. கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். லிங்கன் ஜனாதிபதி ஆன முதல் நாள் சபையில் பேச எழுந்திருக்கிறார். ஒரு பணக்காரர் குறுக்கே எழுந்து, உங்க அப்பா எங்க குடும்பத்துக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தவர், அதை மறக்க வேண்டாம் என்கிறார். அவர் தைத்த செருப்பு பிய்ந்திருந்தால் கொண்டு வாங்க, எனக்கும் தைக்கத் தெரியும் என்கிறார் லிங்கன். சபை கைதட்டுகிறது.

லிங்கன் அப்பா விவசாயி என்று எங்கேயோ படித்த ஞாபகம். எது சரி? அவர் ஊர், நிலம், குடும்பம் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.

தறிநாடா

வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை வரும் கதையாச்சே. "மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதிய கடிதம்" கூட இதே ரகம்தானே?

பழுப்பேடு

இரண்டுமே கட்டுக்கதை. அந்தக் கடிதத்தை லிங்கன் எழுதியதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. செருப்புக் கதையும் அப்படித்தான்.

தாமஸ் லிங்கன் குடியானவர், கூடவே தச்சு வேலை தெரிந்தவர். கென்டக்கி, இண்டியானா, இல்லினாய் என்று காட்டை வெட்டிக் காடு மாறிக்கொண்டே இருந்த மனுஷன். வாஷிங்டன் பெரிய வீட்டுக்காரர்கள் அவர் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மகன் ஜனாதிபதி ஆனது 1861-ல். இவர் 1851 ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிறந்தது 1778 ஜனவரியில், வர்ஜீனியாவில். இவருடைய அப்பா பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான். தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார்கள். தாத்தா நல்ல வசதி. மலை தாண்டிக் கென்டக்கிக்கு வந்து 5,000 ஏக்கருக்கு மேல் வளைத்துப்போட்டவர். 1786 மே மாதம், லூயிவில் பக்கத்தில், மூன்று மகன்களோடு வயலில் வேலையாக இருந்தபோது காட்டுக்குள்ளிருந்து வந்த குண்டு பட்டு விழுந்தார். நடு மகன் ஜோசையா ஆள் கூப்பிடக் கோட்டைக்கு ஓடினான். மூத்தவன் மார்டகாய் வீட்டுக்குள் பாய்ந்து துப்பாக்கியை எடுத்தான். எட்டு வயது தாமஸ் அப்பா உடம்புக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். அவனைத் தூக்க வந்த பூர்வகுடி வீரனை மார்டகாய் உள்ளே இருந்தபடியே குறிபார்த்துச் சுட்டான். தான் கேட்ட குடும்பக் கதைகளிலேயே மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான் என்று லிங்கன் 1854-ல் ஒரு உறவினருக்கு எழுதியிருக்கிறார்.

அடுத்து நடந்ததைத்தான் யாரும் பேச்சுப் போட்டியில் சொல்வதில்லை. அப்போது கென்டக்கி வர்ஜீனியாவின் ஒரு பகுதி. உயில் இல்லாமல் செத்தால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கு என்பது அங்கே பழைய சட்டம். அந்தச் சட்டம் 1787 ஜனவரியில் ஒழிந்தது. அப்பா செத்தது அதற்குச் சில மாதம் முன்னால். மார்டகாய்க்கு எல்லாம் வந்தது, தாமஸுக்கு ஒன்றும் இல்லை. பையன் கூலி வேலைக்குப் போனான். அலைந்து திரிந்து கூலி வேலை செய்து படிப்பில்லாமல் வளர்ந்தவர், தன் பெயரைத் தட்டுத்தடுமாறி எழுதுவதற்கு மேல் எழுத்து வராதவர் என்று மகனே பின்னால் எழுதியிருக்கிறார்.

காக்காப்பொன்னு

பாவம்தான், ஒத்துக்கறேன். ஆனா அதுக்காக இந்த மனுஷனைத் தூக்கி வெச்சுக் கொண்டாட வேண்டாம். நான் படிச்ச வரைக்கும் சோம்பேறி. ஒரு ஊர்ல நிலைச்சு நிக்கலை. பையனைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கூலிக்கு அனுப்பி அந்தக் காசை வாங்கிக்கிட்டார். புத்தகம் படிச்சா அடிப்பார். பையன் இவரால வளரலை, இவரை மீறி வளர்ந்தான்.

பழைய சர்வேயர்

காக்காப்பொன்னு மேடம், ஒரு ஊரில் நிலைக்கவில்லை என்று சொல்வதற்கு முன் அந்த ஊரில் நிலம் எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கென்டக்கி நிலப் பதிவைப் படித்தால் எனக்கே தலை சுற்றுகிறது.

வர்ஜீனியா அரசு அங்கே நிலத்தை முதலில் அளந்துவிட்டு விற்கவில்லை. இத்தனை ஏக்கர் எடுத்துக்கொள் என்று ஒரு சீட்டை விற்றது. வாங்கியவன் காட்டுக்குள் போய்ப் பிடித்த இடத்தைக் குறித்துக்கொண்டு அதற்கு ஒரு சர்வே போட்டுக் கொடுப்பான். வெள்ளை ஓக் மரத்திலிருந்து ஓடைத் திருப்பம் வரை இத்தனை கோல், அங்கிருந்து பாறை வரை இத்தனை கோல், இப்படித்தான் எழுதுவார்கள். நம்ம பழைய பத்திரங்களில் "கிழக்கே முனியன் புஞ்சை, மேற்கே ஓடை" என்று வருமே, அதுவாவது பக்கத்தில் ஆள் குடியிருந்து எழுதியது. அங்கே பக்கத்தில் யாருமே இல்லை. மரம் விழும், ஓடை தடம் மாறும். ஒரே மண்ணுக்கு மூன்று பேர் நான்கு பேர் சீட்டு வைத்திருப்பார்கள். கென்டக்கிக்கு வழி திறந்துவிட்ட டேனியல் பூனே நிலத்தையெல்லாம் வழக்கில் தொலைத்துவிட்டு 1799-ல் மிசௌரி போய்ச் சேர்ந்தார். காடு தெரிந்த பூனேக்கே அந்தக் கதி.

இப்போது தாமஸ் கணக்குக்கு வருவோம்.

மில் க்ரீக். 1803-ல் 238 ஏக்கர், 118 பவுண்டு கொடுத்து வாங்கினார். அப்போது வயது 25. கூலி வேலையிலும் தச்சு வேலையிலும் சேர்த்த காசு. சர்வே தப்பு. விற்கும்போது 200 ஏக்கர்தான் தேறியது, 100 பவுண்டுக்குப் போனது.

சிங்கிங் ஸ்பிரிங். 1808 டிசம்பரில் சுமார் 300 ஏக்கர், 200 டாலர் ரொக்கம். இங்கேதான் 1809 பிப்ரவரி 12-ல் மகன் பிறந்தான். மண் மட்டம். அதைவிட மோசம், முன்னால் இருந்தவர் பாக்கி வைத்திருந்த கடன் நிலத்தின் மேல் நின்றது. வழக்காகி நிலமும் போனது, காசும் போனது.

நாப் க்ரீக். 1811-ல் குடிபோனார்கள். ஓடைக்கரை மண், நல்ல விளைச்சல். பிலடெல்பியாவில் இருந்த ஒரு குடும்பம் இந்தப் பள்ளத்தாக்கு உட்பட 10,000 ஏக்கர் தங்கள் முன்னோர் பெயரில் இருக்கிறது என்று, உழுதுகொண்டிருந்த பத்துக் குடும்பங்களை வெளியேற்ற வழக்குப் போட்டது. அதில் தாமஸும் ஒரு பிரதிவாதி.

மூன்று நிலம், மூன்றும் வில்லங்கம். 1816 கடைசியில் ஒஹாயோ ஆற்றைத் தாண்டிவிட்டார். சோம்பேறி என்றால் கோர்ட் வாசலில் அலையாமல் அங்கேயே குத்தகைக்கு உட்கார்ந்திருப்பார்.

தறிநாடா

பிலடெல்பியாவில் உட்கார்ந்துகொண்டு கென்டக்கிக்காரனைக் காலி பண்ணச் சொல்வது! ஊர் எதுவானாலும் இந்த வேலை மட்டும் மாறாது போல.

நெய்தல்

எல்லோரும் தாமஸுக்குப் பட்டா சரியில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அந்த மண்ணுக்கு முதல் பாத்தியதைக்காரர்கள் யார்? கென்டக்கி, ஷானி மக்களும் செரோக்கி மக்களும் வேட்டையாடிய பூமி. தாத்தா சுடப்பட்டது ஏதோ காட்டில் கொள்ளைக்காரன் வந்து சுட்டது மாதிரி எழுதியிருக்கிறார் பழுப்பேடு. அங்கே அப்போது நடந்துகொண்டிருந்தது போர். இண்டியானாவில் தாமஸ் போய் இறங்கிய தென்மேற்குப் பகுதியும் டெலவேர், பியாங்கஷா மக்களிடமிருந்து 1804 வின்சென்ஸ் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது. என்ன விலைக்கு, எந்த நெருக்கடியில் என்றும் யாராவது பேசலாம்.

பழுப்பேடு

நெய்தல் சொல்வது நியாயம். "கொள்ளைக்காரன்" என்று நான் எழுதவில்லை, ஆனால் போர் நடந்தது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். தாமஸ் யாரிடம் நிலம் இழந்தார், யார் இழந்ததில் நிலம் பெற்றார் என்ற இரண்டும் ஒரே கதையின் இரு பக்கம்தான்.

காக்காப்பொன்னு

சர்வேயர் சார், விளக்கம் அருமை. ஆனா அந்தச் சட்டம் கென்டக்கியில எல்லாருக்கும் ஒண்ணுதானே? அதுலயே பெரிய பண்ணை வெச்சவங்களும் இருந்தாங்களே?

பழுப்பேடு

இருந்தார்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசும், உழைக்க அடிமைகளும் வைத்திருந்தவர்கள். இவர்கள் இருந்த ஹார்டின் கவுண்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி) 1811 வரிப் பட்டியலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள். கூலி இல்லாமல் வேலை செய்ய ஆள் இருக்கும் ஊரில் கூலித் தச்சனுக்கு என்ன விலை கிடைக்கும்? தாமஸும் மனைவி நான்சியும் சேர்ந்திருந்த பாப்டிஸ்ட் சபை அடிமை முறையை எதிர்த்த சபை. கென்டக்கியை விட்டது ஓரளவு அடிமை முறையால், முக்கியமாக நிலப் பத்திரத் தொல்லையால் என்று லிங்கன் 1860-ல் எழுதினார். இந்த வரிசையைக் கவனியுங்கள். தேர்தல் வருஷத்தில் எழுதியும், பத்திரத் தொல்லையைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார். அதனால் நம்புகிறேன்.

சோம்பேறி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், லிங்கன் செத்த பிறகு அவருடைய வக்கீல் கூட்டாளி ஹெர்ண்டன் ஊர் ஊராகப் போய்க் கிழவர்களிடம் கேட்டு எழுதியதிலிருந்து. அப்பாவை எவ்வளவு கீழே காட்டுகிறோமோ அவ்வளவு மகன் உயரமாகத் தெரிவான், அது அந்தக் காலத்து ருசி. இருபதாம் நூற்றாண்டில் லூயிஸ் வாரன் என்பவர் கென்டக்கி கோர்ட் கட்டுகளையும் வரி ஏடுகளையும் புரட்டியபோது வேறு ஆள் வெளியே வந்தார். ஒழுங்காக வரி கட்டியிருக்கிறார், ஜூரியில் உட்கார்ந்திருக்கிறார், குதிரைகள் வைத்திருந்தார். 1814-ல் அந்த வட்டாரச் சொத்துப் பட்டியலில் 98 பேரில் 15-வது இடம். இவர் செய்த மூலை அலமாரிகள் சில இன்னும் இருக்கின்றன. நல்ல கை வேலை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

கல்யாணம் 1806 ஜூன் 12, நான்சி ஹாங்க்ஸோடு. 1807-ல் மூத்த மகள் சேரா. அடுத்து ஆபிரகாம். மூன்றாவதாக ஒரு பையன், அப்பா பெயரையே வைத்தார்கள், கைக்குழந்தையிலேயே போய்விட்டான்.

இண்டியானா இளங்கோ

இந்தப் பக்கம் குடியிருப்பதால் இந்த இடங்களுக்கெல்லாம் போயிருக்கிறேன். கென்டக்கியில் ஹாட்ஜன்வில் என்ற ஊரில் லிங்கன் பிறந்த இடம் என்று ஒரு கிரேக்கக் கோயில் மாதிரிப் பளிங்குக் கட்டடம். அவர் வாழ்ந்த வயசுக்கு 56 படி. ஏறி உள்ளே போனால் நடுவில் சின்னதாக ஒரு மரக்கட்டை வீடு. அந்தக் கட்டைகளின் வளையத்தை எண்ணிப் பார்த்ததில் மரம் வெட்டப்பட்டது 1848 வாக்கில் என்று தெரிந்துவிட்டது. அதாவது லிங்கனுக்கு 39 வயதானபோது வெட்டிய மரம்! கட்டடத்துக்குள் அடங்க வேண்டும் என்று வீட்டையும் கொஞ்சம் குறுக்கிவிட்டார்கள். இப்போது அதை "அடையாள வீடு" என்கிறார்கள். எனக்கு அங்கே பிடித்தது கீழே இருக்கும் ஊற்றுதான். பாறைக் குழிக்குள் தண்ணீர் இறங்கி மறைகிறது. நான்சி குடம் எடுத்தது அங்கேதான் என்பதில் சந்தேகம் கிடையாது.

நாப் க்ரீக்கில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் செங்குத்தான குன்று, நடுவில் ஒடுங்கிய வயல். லிங்கன் பின்னாளில் ஒரு சம்பவம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மற்றவர்கள் மக்காச்சோளம் ஊன்றினார்கள், பூசணி விதை போடுவது இவர் வேலை. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, ஒரு குழி விட்டு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை. மறுநாள் குன்றின் மேல் பெருமழை. பள்ளத்தாக்கில் ஒரு சொட்டு இல்லை. மேலிருந்து இறங்கிய வெள்ளம் விதை, சோளம், மண் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது.

பழைய சர்வேயர்

இண்டியானா கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதியில் நிற்கும். 1785 சட்டப்படி அங்கே மத்திய அரசு முதலில் அளந்தது, பிறகுதான் விற்றது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு கட்டம். அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எல்லாம் 66 அடிச் சங்கிலி போட்டு இழுத்த நேர்கோடு. நிலத்துக்கு எண்தான் அடையாளம், மரமோ பாறையோ வேண்டியதில்லை. ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்கவே முடியாது. இதற்காகத்தான் தாமஸ் ஆறு தாண்டினார் என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்துக்குப் போய் 160 ஏக்கருக்கு எழுதிக் கொடுத்தார். ஏக்கர் 2 டாலர், மொத்தம் 320. கால் பங்கு கட்டினால் போதும், மிச்சம் தவணை. முதலில் 16 டாலர், டிசம்பரில் 64. அப்புறம் பணமே புரளவில்லை. 1819-ல் நாடு முழுக்க பாங்குகள் கவிழ்ந்தன, விளைபொருளுக்கு விலை இல்லை. கடைசியில் 1827-ல் பாதியை, அதாவது 80 ஏக்கரை, அரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மீதி 80-க்குச் சுத்தமான பட்டா வாங்கினார்.

பத்து வருஷம் ஆயிற்று. ஆனால் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வில்லங்கமே இல்லாத நிலம்.

மாட்டு டாக்டர்

நான்சி ஹாங்க்ஸ் செத்தது எதனால் என்று யாரும் எழுதவில்லையே. என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் நானே சொல்கிறேன்.

இவர்கள் இறங்கிய லிட்டில் பிஜன் க்ரீக் அடர்ந்த காடு. மேய்ச்சல் நிலம் என்று தனியாகக் கிடையாது; மாட்டைக் காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். கோடைக் கடைசியில் புல் காய்ந்ததும் மாடு நிழலில் பச்சையாக நிற்கும் எதையும் கடிக்கும். அப்படி நிற்கும் செடிகளில் ஒன்று வெள்ளைப் பூப்பூக்கும் ஸ்நேக்ரூட். அதில் ட்ரெமெட்டால் என்ற நஞ்சு. தின்ற மாட்டுக்கு உடம்பு நடுங்கும், கால் தள்ளாடும். கறவை மாடு என்றால் இன்னும் ஆபத்து. நஞ்சில் ஒரு பகுதி பாலில் இறங்கிவிடுவதால், மாடு பார்க்க நன்றாகவே இருக்கும், குடித்தவர் படுத்துவிடுவார். வாந்தி, தீராத மலச்சிக்கல், வாயில் ஒரு விதக் கெட்ட நாற்றம், பிறகு நினைவு தப்பும். "பால் நோய்" என்று பயந்து சொல்வார்கள். பாலோடு சம்பந்தம் உண்டு என்று தெரிந்திருந்தது, எந்தச் செடி என்று தெரியவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் நஞ்சைப் பிரித்துக் காட்டியது 1920-களின் கடைசியில்.

1818 இலையுதிர் காலத்தில் முதலில் போனது நான்சியை வளர்த்த தாமஸ் ஸ்பாரோ, எலிசபெத் ஸ்பாரோ தம்பதி. நான்சி அவர்களுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தார். பிறகு அவரே படுத்து அக்டோபர் 5-ல் போனார். வயது முப்பத்தி நான்கு வாக்கில். பெட்டியை தாமஸே பலகை அறுத்துச் செய்தார். இணைக்கும் மரக்குச்சிகளை ஒன்பது வயது மகன் செதுக்கிக் கொடுத்தான் என்று கூடவே இருந்த நான்சியின் உறவினர் டென்னிஸ் ஹாங்க்ஸ் சொல்லியிருக்கிறார்.

இந்த நோய்ப் பயம்தான் 1830-ல் இல்லினாய்க்குக் கிளம்பியதற்கும் ஒரு காரணம். அந்த வருஷம் மறுபடியும் வரப்போகிறது என்று பேச்சு. மாடு பிழைக்காத ஊரில் குடியானவன் என்ன பண்ணுவான்?

மானாவாரி

இவ்வளவு விஷயம் வரும் என்று நினைக்கவே இல்லை. எல்லோருக்கும் நன்றி. அம்மா போனபின் அந்தக் குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டது?

காக்காப்பொன்னு

இதை நான் சொல்றேன், ஏன்னா இந்தக் குடும்பத்துலயே எனக்குப் பிடிச்ச ஆள் இனிமேதான் வர்றாங்க.

ஒரு வருஷத்துக்கு மேல சமையல் எல்லாம் மூத்த பொண்ணு சேராதான். அம்மா போனப்ப அவளுக்கு 11 வயசு. காட்டுக்குள்ள, தரை போடாத வீட்டுல. 1819 கடைசியில அப்பா குழந்தைகளை விட்டுட்டுக் கென்டக்கிக்குப் போனார். எலிசபெத்டவுன்ல சேரா புஷ் ஜான்ஸ்டன்னு ஒரு விதவை, புருஷன் அந்த ஊர் ஜெயிலர், செத்துப்போயிருந்தார், மூணு குழந்தை. தாமஸுக்குச் சின்ன வயசுலேர்ந்து பழக்கம். எனக்கும் துணை இல்லை, உனக்கும் இல்லைன்னு நேராவே கேட்டார். கொஞ்சம் கடன் இருக்கு, அதை அடைக்கணும்னாங்க. இவர் அடைச்சார்னு சொல்றாங்க. டிசம்பர் 2-ம் தேதி கல்யாணம்.

நாலு குதிரை பூட்டின வண்டியில சாமான் வந்துச்சு. மேஜை, நாற்காலி, இறகு மெத்தை, வால்நட் மரத்துல ஒரு பீரோ. அந்த பீரோ விலையைக் கேட்டுட்டு இது நமக்கு அதிகம், வித்துடலாம்னாராம் தாமஸ். அந்தம்மா விக்கலை! வந்ததும் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மனுஷக் குழந்தையா ஆக்கினாங்க. தரைக்குப் பலகை போட வெச்சாங்க. ஒரே வீட்டுல எட்டுப் பேர். உன் பிள்ளை என் பிள்ளைன்னு ஒரு நாளும் பேச்சு வரலை. நம்ம சினிமாவுல வர்ற சித்தி மாதிரி எதிர்பார்த்தா ஏமாந்துபோவீங்க. எழுதப் படிக்கத் தெரியாத அந்தம்மா, வரும்போது சில புத்தகங்களும் கொண்டுவந்தாங்க.

பழுப்பேடு

அந்த சேரா புஷ்ஷைச் சாட்சிக்குக் கூப்பிட்டதே நல்லதாகப் போயிற்று, காக்காப்பொன்னு அக்கா. 1865 செப்டம்பரில் ஹெர்ண்டன் அவரைப் போய்ப் பார்த்தார். அந்த அம்மா சொன்னது: தாமஸுக்கு எழுதப் படிக்க வராது, அந்தக் குறை அவருக்கே உறுத்தியதால் பையன் படிக்கட்டும் என்று ஊக்கப்படுத்தினார், முடிந்தவரை ஏபின் (ஆபிரகாமின்) படிப்பை நிறுத்தி வேலை ஏவ மாட்டார். புத்தகம் படித்தால் அடிப்பார் என்ற கதைக்கு இதை எங்கே வைப்பீர்கள்?

காக்காப்பொன்னு

புருஷனைப் பத்திச் செத்த பிறகு யாரு குறை சொல்வா? அதே வீட்டுல இருந்த டென்னிஸ் ஹாங்க்ஸ், வேலையை விட்டுட்டுப் படிச்சதுக்கு அடி வாங்கினான்னும் சொல்றார். ஏபுக்கு அப்பா மேல பாசம் இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியவே இல்லைன்னும் சொல்றார். கூட இருந்தவர் வாயால வந்தது.

அந்தப் பையன் பள்ளிக்கூடம் போனது எல்லாம் சேர்த்து ஒரு வருஷம் இருக்காது. அதை அவரே எழுதியிருக்கார். எட்டு வயசு ஆகுறதுக்கு முன்னாடி கையில கோடாலி கொடுத்தாங்க. 23 வயசு வரைக்கும் அது கையை விட்டு இறங்கலை. 1828-ல நியூ ஆர்லியன்ஸுக்குப் படகு ஓட்டிட்டுப் போனார், மாசம் 8 டாலர். அந்தக் காசும் அப்பா கைக்குத்தான்.

பழைய சர்வேயர்

21 வயது வரை மகன் கூலி அப்பாவுக்குச் சொந்தம் என்பது அன்றைய சட்டம். எல்லா வீட்டிலும் அதுதான். தவணை கட்ட முடியாமல் இருந்த வீட்டில் வேறு என்ன செய்வார்கள்?

காக்காப்பொன்னு

சட்டம்ங்கறதால வலிக்காமப் போயிடுமா சார்? அப்பா வேலை செய்யக் கத்துக்கொடுத்தார், ஆனா வேலையை விரும்பக் கத்துக்கொடுக்கலைன்னு ஏப் சிரிச்சுக்கிட்டே சொன்னதா பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருத்தர் சொல்லியிருக்கார். அந்தச் சிரிப்புக்குள்ள எனக்குக் கோபம்தான் தெரியுது.

தறிநாடா

சர்வேயர் சாருக்கும் அக்காவுக்கும் நடுவில் நான் வரவில்லை. மூத்த பெண் சேரா என்ன ஆனாள்?

பழுப்பேடு

1826-ல் ஆரன் கிரிக்ஸ்பி என்பவரைக் கட்டிக்கொண்டாள். 1828 ஜனவரியில் பிரசவத்தில் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. வயது இருபது. கிரிக்ஸ்பி வீட்டார் வேளைக்கு ஆள் அனுப்பவில்லை என்று லிங்கனுக்கு அவர்கள்மேல் தீராத மனக்கசப்பு. பார்க்கப்போனால் நான்சி பெற்ற மூன்றில் மிஞ்சியது ஒன்றுதான்.

1830 மார்ச்சில் மாட்டு வண்டிகள் கட்டிக்கொண்டு இல்லினாய் போனார்கள். கிளம்பும் முன் கிட்டத்தட்ட நூறு பன்றியும் நானூறு ஐந்நூறு புஷல் மக்காச்சோளமும் விற்றதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். சோம்பேறி வீட்டில் இவ்வளவு சோளம் வராது (அக்காவுக்காக). அங்கே முதல் குளிர்காலமே வரலாறு காணாத பனி. அடுத்த வருஷம் தாமஸ் கோல்ஸ் கவுண்டிக்குப் போனார், மகன் தன் வழியில் பிரிந்து போனார். அத்தோடு ஒரே வீட்டு வாழ்க்கை முடிந்தது. கூஸ்நெஸ்ட் பிரெய்ரி என்ற இடத்தில் தாமஸுக்குக் கடைசிக் குடியிருப்பு.

இண்டியானா இளங்கோ

அந்தக் கடைசி வீட்டை 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காகக் கட்டை கட்டையாகப் பிரித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவே இல்லை. எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. இப்போது அங்கே இருப்பது பழைய படங்களைப் பார்த்துக் கட்டியது. பொய்யான வீட்டுக்குப் பளிங்குக் கோயில், நிஜமான வீடு காணாமல் போயிற்று!

மானாவாரி

லிங்கன் அப்பா சாவுக்குப் போகவில்லை என்கிறார்களே, உண்மையா?

பழுப்பேடு

உண்மை. 1851 ஜனவரியில் சித்தி மகன் ஜான் ஜான்ஸ்டன், அப்பா தேறமாட்டார் என்று இரண்டு கடிதம் போட்டான். பதில் இல்லை. பிறகு 12-ம் தேதி லிங்கன் எழுதினார். மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள் என்று ஒரு காரணம் (அது நிஜம்தான், மூன்று வாரம் முன்புதான் வில்லி பிறந்தான்). அதற்கப்புறம் வரும் வரிதான் எல்லோரும் எடுத்துக்காட்டுவது: இப்போது நாங்கள் சந்தித்தால் அது சந்தோஷத்தைவிட வேதனையாகத்தான் இருக்குமோ என்று அவரிடம் சொல். ஐந்து நாளில் தாமஸ் போய்விட்டார். ஷைலோ கல்லறையில் புதைத்தார்கள். வெகுகாலம் கல் இல்லை.

ஆனால் கைவிட்டுவிட்டார் என்றும் சொல்ல முடியாது. 1841-ல் 200 டாலர் கொடுத்து அப்பாவின் 40 ஏக்கரைத் தன் பெயருக்கு வாங்கி, உயிர் இருக்கும்வரை நீங்களே உழுது சாப்பிடுங்கள் என்று விட்டார். 1848 டிசம்பரில் நிலம் ஏலத்துக்கு வராமல் இருக்க 20 டாலர் அனுப்பினார். அனுப்பும்போதே, உங்கள்மேல் தீர்ப்பு இருந்ததை நீங்கள் மறந்தது ஆச்சரியம், அதை இத்தனை நாள் மறக்கவிட்ட வாதி அதைவிட ஆச்சரியம் என்று ஒரு குத்து. 1849-ல் உடம்பு சரியில்லை என்றதும் நேரில் போய்ப் பார்த்தார். 1853-ல் பிறந்த கடைக்குட்டிக்குத் தாமஸ் என்று பெயர் வைத்தார். செல்லமாக டாட் (Tad) என்று கூப்பிட்டது அவனைத்தான்.

காக்காப்பொன்னு

பேர் வெச்சது செத்து ரெண்டு வருஷம் கழிச்சு. உயிரோட இருந்தப்ப மருமகளையோ பேரப்பிள்ளைகளையோ கூட்டிட்டுப் போய்க் காட்டினதா ஒரு தகவலும் இல்லை. அதையும் சேர்த்து எழுதுங்க.

பழைய சர்வேயர்

அந்த 40 ஏக்கர் பிறகு யாருக்குப் போனது?

பழுப்பேடு

அதுதான் சர்வேயர் சாருக்குப் பிடித்த பகுதியாக இருக்கும். அப்பா போன அதே 1851 நவம்பரில், ஜான் ஜான்ஸ்டன் இருக்கும் நிலத்தை விற்றுவிட்டு மிசௌரிக்குப் போகத் துடிக்கிறான் என்று லிங்கனுக்குத் தெரிந்தது. காய்ச்சி எடுத்து ஒரு கடிதம். மிசௌரியில் இங்கே இல்லாத எது இருக்கிறது, மண் இதைவிட வளமா, பாடுபடாமலே அங்கே சோளமும் கோதுமையும் ஓட்ஸும் விளையுமா என்று கேட்கிறார். கிழக்கே இருக்கும் 40 ஏக்கரை அம்மா (சேரா புஷ்) உயிரோடு இருக்கும்வரை நான் விடமாட்டேன். நீ உழாவிட்டால் குத்தகைக்கு விட்டாலே அவள் சாப்பாட்டுக்கு வரும் என்று முடிக்கிறார்.

1861 ஜனவரி கடைசியில், பதவி ஏற்க வாஷிங்டன் கிளம்பும் முன், அந்த அம்மாவைப் பார்க்க மட்டும் தனியாகக் கோல்ஸ் கவுண்டி போனார். அந்த அம்மா 1869 வரை இருந்தார்.

தறிநாடா

"பாடுபடாமல் விளையுமா" என்று தம்பிக்கு எழுதியது பாதி அப்பாவுக்கும் சேர்த்து எழுதிய மாதிரி இருக்கே!

பழைய சர்வேயர்

அப்பாவுக்கு அது பொருந்தாது தம்பி. அவர் போன இடத்திலெல்லாம் பாடுபட்டார், பத்திரம்தான் நிற்கவில்லை. இண்டியானாவில் பட்டா வாங்கிய நிலத்தை மூன்றே வருஷத்தில் 125 டாலருக்கு விற்றுவிட்டுக் கிளம்பினாரே, அது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை.

காக்காப்பொன்னு

பார்த்தீங்களா, சார் வாயாலயே வந்துடுச்சு. சேரா புஷ் பத்தித் தனி இழை போட்டிருக்கேன், மிச்சச் சண்டையை அங்க வெச்சுக்கலாம்.